மேல் தண்ணீர்

ஆறு கடலில் சேருகிற இடத்தில் தண்ணீர் இரண்டு அடுக்கு. மேலே ஆற்றுத் தண்ணீர், அடியில் கடல் தண்ணீர். உப்புத் தண்ணீர் கனம் அல்லவா? மழை குறைந்து ஆறு இளைத்துவிட்டால் போதும், கடல் அடிவழியாகவே மூன்று மைல் உள்ளே ஏறிவிடும். மேலாக அள்ளிக் குடித்தால் நல்ல தண்ணீர்தான். அதை நம்பிக் கெட்டவர்கள் அநேகம்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் சின்னவளுக்குச் சம்பளம். ஈயக் குண்டு கட்டிய பாட்டிலைப் பாலத்திலிருந்து ஆற்றின் அடிவரை இறக்கி, அந்தத் தண்ணீரில் உப்புப் பார்க்க வேண்டும். இல்லை என்று அவள் எழுதினால்தான் மதகைத் திறப்பார்கள். மதகு இழுப்பது அடித் தண்ணீரை; அது வாய்க்கால் வழியாக அவள் அக்காவின் நாற்றுத் தோட்டத்துக்குப் போகும்.

அன்றைக்குக் குண்டு அறுந்து ஆற்றில் விழுந்துவிட்டது. வேறு குண்டுக்கு ஆபீஸ் வரைக்கும் நடக்க வேண்டும். வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. ஒரு நாள்தானே என்று மேலாக அள்ளிப் பார்த்து, "உப்பு இல்லை" என்று எழுதிவிட்டாள் மகராசி! மறுநாள் புதுக் குண்டு கட்டி இறக்கினால் ஒரே கரிப்பு. பதறிப்போய் மதகை மூடச் சொன்னாள். முந்தின நாள் எழுதியதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

பத்தாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனாள். நாற்றுகள் அத்தனையும் ஓரம் கருகிச் செத்துக் கிடந்தன. மாமா குனிந்தபடி காலி நாற்றுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உரத்தை அள்ளிக் கொட்டாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், இந்த மனுஷன் கேட்டாரா?" அக்கா பொரிந்து தள்ளினாள். "பக்கத்துத் தோட்டத்துக்காரர் தண்ணியில கோளாறான்னு கேக்கறாரு. என் தங்கச்சி பாத்த தண்ணி, குறை சொன்னா வாசல்ல கால வைக்காதீங்கன்னுட்டேன்!"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வந்த வழியே ஓடிவிடலாமா என்றுகூடச் சின்னவள் நினைத்தாள், வெட்கங்கெட்டவள். மாமா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்; உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"மாமாவைத் திட்டாதேக்கா. அன்னைக்கு நான் அடித் தண்ணி எடுக்கல. மேலாக அள்ளிப் பாத்துட்டு எழுதிட்டேன்."

அக்கா கணவரிடம் திரும்பினாள். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "உங்களுக்குத் தெரியுமா?"

"இலை கருகினதுமே வாய்க்கால்ல தேங்கியிருந்ததை நாக்குல வச்சுப் பாத்தேன்."

"பின்ன ஏங்க வாயத் திறக்கல?"

"நான் திட்டு வாங்கிப் பழகினவன். அவளுக்கு வேலை போயிடுமே."

இத்தனை நாள்! அந்த மனிதர் இத்தனை நாளாக அவளுக்கு வர வேண்டிய திட்டையும் சேர்த்து வாங்கியிருக்கிறார். அவர் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சின்னவளுக்கு.

"நாளைக்கு ஆபீஸ்ல நானே சொல்லிடறேன்," என்றாள் தரையைப் பார்த்து.

"சொல்லு," என்றாள் அக்கா.

பிறகு டீ போட்டாள். முதல் தம்ளரைக் கணவருக்குக் கொடுத்தாள். அடுத்ததைத் தங்கைக்கு நீட்டினாள், எப்போதும்போல அவளுக்குப் பிடித்த அளவு சர்க்கரையோடு.

"இனிமே மதகு திறந்தா," என்றாள் அக்கா, கோபமே இல்லாமல், "நானும் ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டே பாய்ச்சறேன்."