வெள்ளைத்தாய் எடுத்துப்போன தாள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரே ஒரு கேள்விதான் நான் காதால் கேட்டது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. சிவகாசியில் அச்சாகிற தினசரி காலண்டர் தாள்களுக்கு ‘இன்றைய சிந்தனை’ எழுதுகிறவன் நான். வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து ஆறுதல். பதினெட்டு வருஷமாக எழுதிச் சலித்துவிட்டது. ஒரு நாள் அச்சகத்தில் புரூஃபுக்காகக் காத்து நின்றபோது அந்தக் கேள்வி காதில் விழுந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். சோறு நன்றாகவே இறங்கியது, எழுதத்தான் முடியவில்லை.

2

அபுதாகிர் பாய் மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது வெயில் அவர் மண்டையை

(வேண்டாம். இந்த ஜில்லாவில் கதை எழுத உட்கார்ந்தவன் எவன் வெயிலை விட்டுவைத்தான்?)

நேராகவே சொல்கிறேன். அபுதாகிருக்கு வயது அறுபத்திரண்டு. மதுரையில் ஒரு இஸ்லாமியப் பதிப்பகத்தில் பிழை திருத்துபவர். இறைநம்பிக்கை, இறைமறுப்பு, செத்தபின் வரும் மறுமை வாழ்வு இவற்றைப் பற்றிய தமிழ்ப் புத்தகம் ஒன்று இங்கே அச்சாகிறது. இந்த ஊரில் அச்சில் கெட்ட தாள்கள் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும். அங்கே அவற்றை வெடிக்குக் குழாயாகச் சுருட்டுவார்கள். இறைவசனம் உள்ள தாள் அப்படிப் போய்விடக்கூடாது. கெட்ட தாள்களை ஒன்றுவிடாமல் எண்ணி, வெள்ளைத்துணியில் கட்டி, கபர்ஸ்தான் என்கிற அடக்கத்தலத்தில் கால் படாத மூலையில் புதைக்கிறவரை அவர் பொறுப்பு.

3

அச்சகத்தின் மடிப்புப் பகுதியில் வேலை பார்ப்பவள் வெள்ளைத்தாய். அச்சான தாள்களைப் பக்க வரிசைக்கு மடிப்பது அவள் வேலை. (இவளை நம்ப எனக்கே நாளாயிற்று. வாசித்துக்கொண்டே ஒருத்தி மடிப்பாளா? மடிப்பாள். பத்தாவது படித்தவள். கை அதன்பாட்டுக்கு ஓடும். கண்ணுக்கு வேறென்ன சோலி?) மூன்று வருஷத்துக்கு முன் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்ததில் அவள் புருஷன் சோணைமுத்து உடம்பெல்லாம் வெந்து, ஏழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான்.

மறுமையில் இறைமறுப்பாளர்களுக்கு நெருப்பு என்கிற பக்கம் அன்று அவள் கையில் வந்தது. இதெல்லாம் யார் சொன்னது என்று பாயிடம் கேட்டாள். இது வஹீ, இறைவன் தன் தூதருக்கு அறிவித்த செய்தி, மனுஷன் கற்பனை இல்லை என்றார் அவர். அப்புறம்தான் என் காதில் விழுந்த அந்தக் கேள்வி:

“எங்க வீட்டுக்காரரு இங்கனயே வெந்துதான் செத்தாரு. அங்கனயும் நெருப்புதானா, பாய்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்துபோய்விட்டார்.

4

மறுநாள் கெட்ட தாள்களில் ஒன்று குறைந்தது. இரண்டு தடவை எண்ணினார். அவர் கேட்குமுன் அவளே வந்து, தான் எடுத்துப்போனதாகச் சொன்னாள். யார் யார் ஷஹீத், அதாவது உயிர்த்தியாகி என்ற பட்டியல் இருந்த தாள் அது. கொள்ளைநோயில் செத்தவர், நீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கியவர், தீயில் எரிந்தவர். புருஷன் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒட்டி, நாலு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறாளாம்.

“அவருக்கும் அதுல எடமிருக்குல்ல, பாய்? தீயில செத்தவகன்னு தெளிவா போட்டிருக்கீகளே.”

(அந்தப் பட்டியல் ஈமான், அதாவது இறைநம்பிக்கை கொண்ட முஸ்லிம்களுக்கு மட்டும். அது முந்தின பக்கத்தின் கடைசி வரியில் இருக்கிறது. அந்தப் பக்கம் வேறு தாளில் அச்சாகி, வேறொருத்தி மடித்துப்போனது.)

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவர் உண்மையைச் சொல்லித் தாளைத் திரும்பக் கேட்கிறார். அவள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பொழுது அடைகிற வரைக்கும் மடிக்கிறாள். எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

அவர் “இருக்கும்மா” என்கிறார். காற்புள்ளிக்குக்கூட இரண்டு தடவை பார்க்கிற மனுஷன், இறைவன் பேரில் இல்லாததைச் சொல்வாரா? ஒத்துவரவில்லை.

‘எல்லாம் அவன் அறிவான், அவன் யாருக்கும் அநியாயம் செய்யமாட்டான்.’ மார்க்கப்படி சரியான பதில். ஆனால் இந்த மாதிரி வரியை ஆயிரம் எழுதியவன் நான். அந்தக் காலண்டர் தாள்களையும் அடுக்கியவள் அவள். அவளிடம் இது செல்லாது.

6

கடைசியாக ஒன்று மிச்சம். செய்தி போய்ச்சேராத யாரையும் இறைவன் தண்டிப்பதில்லை என்று அவர் ஓதியிருக்கிறார். சோணைமுத்து பள்ளிவாசல் தெருவுக்கு அடுத்த தெருவில் பத்து வருஷம் குடியிருந்தான். தொழுகைக்கு அழைக்கிற பாங்கு ஐந்து வேளையும் காதில் விழுந்திருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. அப்படியென்றால் அவனுக்கு இன்னும் வழியிருக்கலாம். இதைச் சொன்னால் பொய்யும் இல்லை. அபுதாகிருக்கு நெஞ்சு லேசானது. “சேதி போய்ச்சேராதவங்கள இறைவன்...” என்று ஆரம்பித்தார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எதிரே நிற்கிறவள் அந்தப் புத்தகத்தில் தன் கைக்கு வந்த பக்கங்களை வரிவரியாக வாசித்தவள். அவளுக்குச் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. பிழை திருத்தி, சுமந்து கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். புருஷனுக்கு உள்ள சலுகை இனி இவளுக்கு இல்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொன்னதாகிவிடும். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

“என்னைய விடுங்க, பாய். அவருக்கு மட்டும் சொல்லுங்க.”

இந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. எழுதி ஆறு மாசமாகிறது, இதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. அபுதாகிராலும் ஆகவில்லை. நீங்கள் யாராவது அவளுக்குப் பதில் சொல்லுங்கள். இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.