ஆஸ்பத்திரி வாசலில் அடங்கும் நெஞ்சு

ஞானதுரைக்கு நெஞ்சு முதன்முதலில் தறிகெட்டு ஓடியது ஏல மையத்தில் வைத்துத்தான். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கி வடக்கே அனுப்புகிற வியாபாரிகளில் அவர் பழைய கை. நல்ல காய்க் குவியல் ஒன்றுக்கு விலை ஏறிக்கொண்டிருந்தது. மாதிரிப் பை கீழே விழ, குனிந்து எடுத்தார். நிமிரும்போது நெஞ்சுக்குள் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்ட மாதிரி தடதடவென்று தொண்டைவரை அடித்தது. கண் லேசாக இருட்டியது. விலை கேட்கப் பட்டனை அழுத்த வேண்டிய கை நெஞ்சுக்குப் போய்விட்டது.

மற்ற வியாபாரிகள் அதைக் கவனித்தார்கள். ஞானதுரை கண்வைத்த காயை விட்டுக்கொடுத்து அவர்கள் பார்த்ததில்லை. வடக்கே விலை விழுந்த சேதி இவருக்கு மட்டும் கிடைத்திருக்கிறது என்று முடிவுகட்டி, அவர்களும் கையை எடுத்துவிட்டார்கள். அருமையான காய், கேட்பாரில்லாமல் அடிமாட்டு விலைக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு ஒரு உதை உதைத்துவிட்டுச் சட்டென்று பழைய நடைக்கு வந்தது. வெளியே வந்தவரை முத்துக்கண்ணன் என்கிற வியாபாரி ஓரங்கட்டினார்.

"அண்ணே, என்னா சேதி? எங்களுக்கும் சொன்னா என்ன கொறஞ்சா போகும்?"

"நெஞ்சு படபடன்னு வந்துச்சுய்யா, வேற ஒண்ணுமில்ல."

"சொல்ல இஷ்டமில்லைன்னா விடுங்க" என்று முத்துக்கண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

நோய் விஷயத்தில் ஞானதுரை எப்போதும் ஒரே கட்சி. எதுவாக இருந்தாலும் வாயு. மனைவி ரெபேக்காள் பல வருஷமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்றபோதெல்லாம், "பூண்டைச் சுட்டுத் தின்னு" என்பதோடு வைத்தியம் முடிந்துவிடும். ஆகவே பக்கத்துத் தெரு டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, "நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு, வெறும் வாயுதான்" என்றதும் அவருக்கு மறுபேச்சு இல்லை. தன் தீர்ப்பையே படித்தவர் ஒருவரும் சொல்லியிருக்கிறார் என்கிற திருப்தி வேறு. உளுந்தையும் உருளைக்கிழங்கையும் விட்டார். பூண்டு தின்றார். கடைக்கு வருகிறவர்கள் சற்றுத் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள்.

நெஞ்சு மட்டும் அசரவில்லை. செருப்பு மாட்டக் குனிந்தால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்கு எழுந்து நின்றால் வந்தது. வந்ததும் ஆட்டோ பிடித்து ஓடுவார். ஆஸ்பத்திரி வாசல் தெரிந்ததும் அது அடங்கிவிடும். உள்ளே போய், "இப்பத்தான் சார் இருந்துச்சு" என்று சொல்லும்போது அவருக்கே தன்மேல் நம்பிக்கை வராது.

இரண்டாவது டாக்டர் டென்ஷன் என்றார். மூன்றாமவர், "மனசுக்குள்ள எதையோ போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்க" என்று மாத்திரை எழுதினார். அதைப் போட்டுக்கொண்டு கடையில் ஏலக்காய் மூட்டைமேல் சாய்ந்தவர், பட்டப்பகலில் வாயைத் திறந்தபடி தூங்கினார். நெஞ்சு தூங்கவில்லை.

ரெபேக்காளின் தம்பி ஜோசுவா வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "பயப்படாதீங்க மச்சான்."

"நான் எதுக்குடா பயப்படணும்? போடிமெட்டு மலை வளைவுல ஜீப்புல முன்சீட்டுல ஒக்காந்து தூங்குறவன்டா நானு!"

"பார்த்தியாக்கா, எப்படிக் கோவம் வருதுன்னு?" என்றான் ஜோசுவா. "டாக்டரு சொன்னது இதைத்தான்."

அதற்கப்புறம் ஞானதுரை கோபப்படுவதையும் விட்டுவிட்டார். பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் அபிஷா, நாடித் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை அனுப்பிவைத்தாள். கட்டிய மறுநாளே கடையில் நெஞ்சு ஓடத் தொடங்கியது. கடிகாரத்தைப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு என்று காட்டியது. மனுஷனுக்கு அவ்வளவெல்லாம் அடிக்குமா? பொருள் பழுது என்று தோன்றியது. எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜக்கையனிடம் போனார்.

ஜக்கையன் அதை வாங்கித் தன் கையில் கட்டிப் பார்த்தான். எழுபத்தைந்து காட்டியது. மறுபடி ஞானதுரை கையில் கட்டினான். நூற்றுத் தொண்ணூறு.

"வாட்ச்சு நல்லாத்தாண்ணே இருக்கு. ஒங்க தோலு தடிப்பு, அதுக்குப் பிடிபடலை. இருங்க, ஒருவாட்டி ஆஃப் பண்ணிப் போடுறேன்."

அணைத்துப் போடுவதற்குள் ஞானதுரையின் நெஞ்சு உதைத்து நின்றது. கடிகாரம் எண்பது காட்டியது.

"சரியாயிருச்சுண்ணே" என்றான் ஜக்கையன் பெருமையோடு. ஞானதுரையும் நன்றி சொல்லிவிட்டு வந்தார். அன்று ராத்திரி போனில் மகள் கேட்டதற்கு, "வாட்ச்சுல சின்னக் கோளாறு இருந்துச்சு, ஜக்கையன் பார்த்துக் குடுத்துட்டான்" என்றார்.

ஐப்பசி மழை விட்ட சமயம் ரெபேக்காளுக்கு நெஞ்சுவலி கூடிவிட்டது. இந்தத் தடவை பூண்டு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தன்னிடம் பலரும் அப்படிச் சொல்லிக் கேட்டுக் காது புளித்திருந்தது. அவரே தேனியில் ஒரு இருதய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இ.சி.ஜி. எடுக்கும் அறையில் அவளைப் படுக்கவைத்து வயர்களை மாட்டினாள் நர்ஸ் முத்துப்பிரியா. கட்டிலடியில் குறுக்கே கிடந்த மனைவியின் செருப்பை ஒதுக்கிவைக்கக் குனிந்தார் ஞானதுரை.

மோட்டார் ஓட ஆரம்பித்தது.

இன்றைக்கு அவள் முறை. அதற்குள்ளும் தான் புகுந்துகொண்டால் நன்றாக இருக்காது என்று சுவரைப் பிடித்து நின்றார். ஆனால் முத்துப்பிரியா பார்த்துவிட்டாள்.

"ஐயா, ஒங்க சட்டை ஏன் இப்படி ஆடுது?"

"வாயுதாம்மா. நீ அவளைப் பாரு."

அவள் கேட்கவில்லை. ரெபேக்காளின் வயர்களைப் பிடுங்கி, பக்கத்துக் கட்டிலில் இவரைச் சாய்த்து மாட்டினாள். தாள் ஓடியது. முள்ளுமுள்ளாக நெருக்கியடித்துக்கொண்டு கோடுகள் வந்தன. அவள் வெரசாகப் போய் டாக்டரை அழைத்துவந்தாள். வயதான டாக்டர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி.

"இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க?"

"எல்லா ஆஸ்பத்திரிக்கும் போனேன் டாக்டர். அதுதான் கூட வரலை."

இருதயத்துக்குள் மின்சாரம் போகப் பிறவியிலேயே கூடுதலாக ஒரு பாதை இருக்கிறது, சில நேரம் மின்சாரம் அதில் மாட்டி வட்டமடிக்கிறது, அதுதான் இந்த ஓட்டம் என்றார் டாக்டர். வெறும் சிரிஞ்சு ஒன்றை வாயில் கொடுத்து முக்கி ஊதச் சொன்னார். ஊதி முடித்ததும் சட்டென்று கட்டிலைச் சாய்த்துக் காலை உயரத் தூக்கிப் பிடிக்க வைத்தார். நெஞ்சு உதைத்து நின்றது. ஞானதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. நோய் இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை முத்துப்பிரியா அதுவரை பார்த்ததில்லை.

"அப்ப எனக்கு டாக்டர்?" என்றாள் ரெபேக்காள் எழுந்து உட்கார்ந்து.

அவளுக்கும் எல்லாச் சோதனையும் நடந்தது. சாயங்காலம் டாக்டர் சொன்னார். "ஒங்களுக்கு ஒண்ணுமில்லைம்மா. வெறும் வாயு."

பஸ் போடி வந்துசேரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமும் தான் சொன்னது சரிதான் என்பதை ஞானதுரை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

மதுரையில், தொடை வழியாகக் கம்பி விட்டு அந்தக் கள்ளப் பாதையைச் சுட்டார்கள். அதற்குமுன் ஓட்டத்தை அவர்களே கிளப்பிப் பார்க்கவேண்டியிருந்தது. நெஞ்சு வழக்கம்போல டாக்டர்களைக் கண்டதும் சாதுவாகக் கிடந்தது. ஊசி போட்டுத் தூண்டினார்கள். விழித்தபடி படுத்திருந்த ஞானதுரைக்கு வெட்கமாகிவிட்டது. இவர்களும் டென்ஷன் என்று சொல்லி அனுப்பிவிடுவார்களோ என்று வேதத்திலிருந்து வசனம் சொல்லி மன்றாடினார். கடைசியில் தடதடவென்று அது வந்தபோது, "வந்துருச்சு!" என்று டாக்டர் சொல்லும் முன்னாலேயே அவர் கத்தினார்.

மாதம் ஒன்று கழிந்து, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்கு இரண்டு பேரும் ஜீப்பில் போனார்கள். சரிவில் ஏறும்போது அவர் நெஞ்சு வேகமாக அடித்தது. பயந்துபோய் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாங்க, மறுபடியுமா?"

அவர் கையைக் காட்டி அவளைப் பேசாமலிருக்கச் சொன்னார். அடி மெல்ல மெல்லக் குறைந்தது. உதைக்கவில்லை, சட்டென்று நிற்கவில்லை. மூச்சு இறங்க இறங்க அதுவும் கூடவே இறங்கியது.

"இல்ல" என்றார். "ஏறுனதுக்கு அடிக்குது."

"ஏறுனா அடிக்கத்தானே செய்யும்? எந்திரிங்க, மேல காய் பறிக்கிறவங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்று சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.