நாலாம் விதியும் ஏழரை மணி வெளிச்சமும்

இந்தக் கட்டிடத்துக்கு நான் குடிவந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மேல்வீட்டு அவுலிஸை இந்தக் குளிர்காலம் வரை மூணே தடவைதான் நேருக்கு நேர் பார்த்திருந்தேன். அதில் ஒன்று தீயணைப்பு வண்டி வந்த அன்றைக்கு. அப்போதும் ரெண்டு பேரும் பனியில் நின்றுகொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பகை கிகை ஒன்றும் இல்லை. வடதுருவத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் இவலோ ஊரில் இதற்குப் பெயர் மரியாதை. வெளியே கிளம்பும்போது கதவிலிருக்கும் கண்ணாடித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்ப்போம். படிக்கட்டில் யாராவது இருந்தால், கோட்டும் தொப்பியுமாக உள்ளேயே வேர்த்து விறுவிறுத்து நிற்போம். அவர் போனபிறகுதான் கதவைத் திறப்பது. என் வீட்டில் அப்படி நின்று நின்றே வாசல் கம்பளம் தேய்ந்துவிட்டது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் துவோவி. பள்ளிக்கூட அடுக்களையில் முப்பத்தோரு வருஷம் சமைத்தவள். கோபம் மூக்குக்கு மேல் என்று என் மகள் ஹென்ரீக்கா சொல்வாள். அது சரிதான், ஆனால் வருஷத்தில் பத்து மாசம்தான். நவம்பர் பிறந்துவிட்டால் கோபம்கூட வராது. டிசம்பர் மூணாம் தேதி வாக்கில் போகிற சூரியன் ஜனவரி பத்து வாக்கில்தான் திரும்பும். நடுவில் பட்டப்பகல் என்றால் நீலமாக ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான். மற்றவர்கள் சமாளித்துக்கொள்கிறார்கள். நான் படுத்துவிடுவேன். போன வருஷம் பதினோரு நாள் போனையே எடுக்கவில்லை. ஹென்ரீக்கா துர்கு நகரத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்து, என் சாவி ஒன்று அவளிடம் இருந்ததால் கதவைத் திறந்தாள். போர்வைக்குள் நானும், என்னைச் சுற்றி காய்ந்த ரொட்டித் தூளும்.

"அம்மா, இதுதான் கடைசி" என்றாள். "அடுத்த ஜனவரி அஞ்சாம் தேதி வருவேன். அப்பவும் நீ இப்படியே கிடந்தேன்னா பேச்சே கிடையாது. வீட்டை வித்துட்டு என்கூட வந்துடணும்."

துர்குவில் அவள் வீட்டில் எனக்கு ஒதுக்கியிருப்பது பேரனின் தையல் மிஷின் அறை. ஆமாம், பேரன்தான் தைக்கிறான். நல்ல பையன். ஆனாலும் என் வீடு என் வீடுதான். போகமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

சுகாதார நிலைய நர்ஸிடம் போனேன். "வெளிச்ச விளக்கு வெச்சுக்குங்க" என்றாள். "காலையில எழுந்ததும் அரை மணி நேரம். ஒரு கை தூரத்துல உக்காருங்க. விளக்கையே முறைக்காதீங்க, பேப்பர் படிங்க. ஒரு நாளும் விடக்கூடாது. விட்டீங்க, சாண் ஏறினது முழம் சறுக்கிடும்."

எங்கள் ஊர்க் கடைக்கு வந்ததே மூணு விளக்கு. அக்டோபரிலேயே தீர்ந்துவிட்டது. ஆர்டர் கொடுத்தால் மார்ச்சில் வரும் என்றான் கடைக்காரன். மார்ச்சில் சூரியனே இலவசமாக வந்துவிடுமே, அப்பா!

கடைசியில் குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டேன். கூட்டம் ரெண்டு மணி நேரம் நடந்தது. மொத்தம் ஆறு வாக்கியம் பேசினோம். சங்கத் தலைவர் ரெய்யோ தன் மைத்துனர் வழியாக ஒரு விளக்கு வாங்கி வந்து, கீழ்த்தளத்தில் சானா என்கிற நீராவிக் குளியலறைக்குப் பக்கத்து அறையில் வைத்தார். சானாவுக்கு இருப்பது போலவே முறைப் பட்டியல் ஒன்றை எழுதி போர்டில் குத்தினார். ஒருவருக்கு அரை மணி. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். சானாவில் ஒட்டுத்துணி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம், அது வேறு. அங்கே இருட்டு, ஆவி. சட்டை போட்டுக்கொண்டு பளீரென்ற வெளிச்சத்தில் இன்னொரு மனுஷர் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா? ஐயையோ.

எனக்கு ஏழு மணி. அவுலிஸுக்கு ஏழரை. ரெய்யோவுக்கு எட்டு. பட்டியலுக்குக் கீழே விதிகள். அதில் நாலாவது: "விளக்கை அறையைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தவர் இந்தக் குளிர்காலம் முழுவதும் தம் முறையை இழப்பார்."

நான் ஏழு இருபத்தெட்டுக்கே எழுந்து போய்விடுவேன். அவர் ஏழு முப்பத்திரண்டுக்கு வருவார். நடுவில் நாலு நிமிஷம் விளக்கு தனியாக எரியும். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு சீட்டு வரும்வரை.

"மேஜையில் காபிக் கறை. பயன்படுத்துவோர் துடைக்கவும்."

கையெழுத்து இல்லை. ஆனால் எனக்கு அப்புறம் வருபவர் யார்? முப்பத்தோரு வருஷம் அடுக்களை நடத்தியவளுக்கு மேஜை துடைக்கச் சொல்லித் தருகிறாராம்! உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நவம்பர் மாசத்தில் எனக்குக் கோபம் வந்தது எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான். கீழே எழுதினேன்: "என்னுடையது மரக் கோப்பை. அடி சிறியது. கறையை அளந்து பார்க்கவும்."

மறுநாள் பதில்: "அளந்தேன். எட்டு சென்டிமீட்டர். என் கோப்பைதான். மன்னிக்கவும். ஆனால் நாற்காலியை நகர்த்துவது யார்?"

நான்தான் நகர்த்தினேன். எனக்குக் கை குட்டை. அவருக்கு நெட்டைக் கால். அடுத்த நாள் தரையில் அவர் நாற்காலி இருக்கவேண்டிய இடத்தில் நீல டேப் ஒட்டியிருந்தது. நான் இருபது சென்டிமீட்டர் முன்னால் சிவப்பு டேப் ஒட்டினேன். "எழுந்து போகும்போது நீலத்துக்குத் தள்ளவும்" என்று அவர். "வரும்போது நீங்களே இழுத்துக்கொள்ளவும், கை இருக்கிறதல்லவா" என்று நான். இப்படியே தினம் ஒரு சீட்டு. போர்டில் இடம் போதாமல் ரெய்யோ சானா பட்டியலை ஓரமாக நகர்த்திவைத்தார். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பேசவேண்டி வருமே.

டிசம்பரில் அந்த மனுஷர் எல்லை மீறினார். "தரையில் ரொட்டித் துணுக்கு. ஏலக்காய் போட்டது. கொஞ்சம் காய்ந்திருக்கிறது."

தின்று பார்த்திருக்கிறார்! தரையில் கிடந்ததைத் தின்றுவிட்டு என் இனிப்பு ரொட்டியைக் குறை சொல்கிறார்! அன்றைக்கே மாவு பிசைந்தேன். மறுநாள் காலை மேஜையில் முழுசாக ஒன்றை வைத்து, "காயாதது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளவும்" என்று எழுதினேன்.

பதில்: "சரியாக இருக்கிறது."

எங்கள் ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. என் வீட்டுக்காரர் கல்யாணத்தன்று என்னைப் பார்த்துச் சொன்னதும் இதேதான். நான் அந்தச் சீட்டை ரெண்டு தடவை படித்தேன், யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு மூணாவது தடவையும் படித்தேன்.

அப்புறம் தினம் ஒரு ரொட்டி வைத்தேன். சண்டையை விடவில்லை, அது ஒரு பக்கம். காலை ஆறு மணிக்கெல்லாம் கண் விழித்துவிடும். அந்த ஆள் என்ன எழுதியிருக்கிறாரோ என்று ஒரு பரபரப்பு. வெளியே கரி மாதிரி இருட்டு, நானோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு படி இறங்குகிறேன். நர்ஸிடம் சொன்னேன். "விளக்கு வேலை செய்யுது" என்று சந்தோஷப்பட்டாள். செய்யத்தான் செய்தது. முழு மார்க்கையும் விளக்குக்கே கொடுக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி ரெண்டாம் தேதி சீட்டு இல்லை. ரொட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. நாற்காலி சிவப்பு டேப்பிலேயே நின்றது. மூணாம் தேதியும் அப்படியே. "ரொட்டி பிடிக்கலைன்னா சொல்ல வாயில கொழுக்கட்டையா?" என்று எழுதி வைத்தேன். பதில் இல்லை. நாலாம் தேதி மூணு ரொட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தன. நாலாவதை நான் வைக்கவில்லை.

குப்பைத் தொட்டியருகே ரெய்யோவைப் பிடித்தேன். அவர் திரும்பி ஓடப் பார்த்தார், பனி வழுக்கியதால் முடியவில்லை.

"மேல்வீட்டு அவுலிஸ் ஊர்ல இருக்காரா?"

"இருக்காரு." தொட்டியைப் பார்த்துச் சொன்னார். "நாய் செத்ததுலேருந்து வெளியே அவ்வளவா வர்றதில்ல."

"நாய் எப்ப செத்துது?"

"அக்டோபர்ல."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே!"

"நீங்க கேக்கலையே."

"போய்க் கதவைத் தட்டிப் பாத்தீங்களா?"

நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதைப் போல ரெய்யோ நெளிந்தார். "அவரவர் நிம்மதி அவரவருக்கு, துவோவி. நாம எப்படிப் போய்..."

அன்றைக்கு முழுக்க நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். நாளைக்கு ஹென்ரீக்கா வருகிறாள், வீட்டைத் துடைக்கவேண்டும், நமக்கெதற்கு என்று. ஆனால் அந்தப் படுக்கை எனக்குத் தெரியும். உள்ளே கிடப்பவருக்கு அது நிம்மதியே இல்லை. போன வருஷம் அந்தப் பதினோரு நாளில் ஒரு ஆள் கதவைத் தட்டியிருந்தால், நான் திட்டிக்கொண்டாவது எழுந்திருப்பேன்.

அஞ்சாம் தேதி காலை. என் அரை மணி முடிந்தது. ஏழு முப்பத்திரண்டு. முப்பத்தி நாலு. அவர் வரவில்லை. நாலாம் விதியை ஒரு தடவை படித்தேன். முறை போனால் பிப்ரவரியில் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது. ஹென்ரீக்கா பெட்டி கட்டிவிடுவாள். தையல் மிஷின் அறை கண்முன்னால் வந்தது. போகட்டும் சனியன் என்று பிளக்கைப் பிடுங்கினேன். விளக்கை ஒரு கக்கத்திலும் ரொட்டித் தட்டை மறு கையிலுமாக ரெண்டு மாடி ஏறினேன். மூச்சு வாங்கியது.

அவர் கதவின் தபால் துவாரத்தில் மூணு நாள் பேப்பர் பாதி உள்ளே பாதி வெளியே தொங்கியது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டிடத்தில் ஒரு மணியை அடித்தேன். பேப்பரை உருவிவிட்டு துவாரத்தில் வாயை வைத்தேன்.

"நான் துவோவி. கீழ்வீடு."

உள்ளேயிருந்து ஒரு குரல். "என் முறை ஏழரைக்கு."

"இப்ப மணி ஏழு நாப்பது. பத்து நிமிஷம் லேட்டு நீங்க."

"இன்னிக்கு வேணாங்க. விட்டுடுங்க."

"உங்களை யாரு கேட்டா? விளக்கைச் சுமந்து கை வலிக்குது. கீழ போட்டு உடைச்சேன்னா உங்க பேரைத்தான் சொல்லுவேன். திறங்க!"

திறந்தார். தாடி, கசங்கிய சட்டை, மூணு நாள் தூங்கி மூணு நாளும் தூங்காத முகம். அவருக்குப் பின்னால் கொக்கியில் நாய்ச் சங்கிலி தொங்கியது. நான் நேரே உள்ளே போய் விளக்கை மேஜையில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். சட்டை போட்டுக்கொண்டு, பளீரென்ற வெளிச்சத்தில். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

பத்து நிமிஷம் ரெண்டு பேரும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"தூரம் அதிகம்" என்றேன்.

"எனக்கு இதுதான் சரி."

"நர்ஸ் என்ன சொன்னா? ஒரு கை தூரம்!"

"யாரு கை?" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவர் சிரிக்கவில்லை. ஆனால் கையை நீட்டி அளந்து பார்த்தார், அதுவே போதும் என்று இருந்தது. விளக்கையும் ரொட்டியையும் அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

கீழே ரெய்யோ எட்டு மணி முறைக்கு வந்து பார்த்திருக்கிறார். போர்டில் புதுச் சீட்டு: "விளக்கைக் காணவில்லை. எடுத்தவர் பெயரை எழுதவும். விதி 4." பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. "நான். துவோவி, வீடு 3" என்று எழுதினேன். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, துர்குவுக்கு எந்தப் பாத்திரங்களை எடுத்துப்போவது என்று யோசிக்க ஆரம்பித்தேன். வாய்விட்டு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு ஹென்ரீக்கா வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்பிலிருந்த காபியைப் பார்த்தாள்.

"அம்மா, கீழ போர்டுல என்ன கூத்து அது?"

"விளக்கை எடுத்துட்டேன்டி. என் முறை போச்சு. நீ சொன்னபடியே செய்."

"நீ எடுத்தியா? ரெண்டு பேரு எழுதியிருக்கே?"

செருப்போடு ஓடினேன். கண்ணாடித் துவாரத்தில் பார்க்கக்கூட இல்லை. என் பெயருக்குக் கீழே அந்தச் சாய்ந்த கையெழுத்து: "இல்லை. நான். அவுலிஸ், வீடு 8."

மூணு நாளாகக் கதவைத் திறக்காத மனுஷர் ரெண்டு மாடி இறங்கி வந்து எழுதியிருக்கிறார். அதற்கும் கீழே ரெய்யோ: "இருவர் எடுத்தால் என்ன செய்வது என்று விதி 4 சொல்லவில்லை. கூட்டத்தில் பேசுவோம். கூட்டம் ஏப்ரலில். அதுவரை முறைகள் வழக்கம்போல." ஓரத்தில் பொடி எழுத்தில் மறுபடியும் அவுலிஸ்: "விளக்கு எட்டரைக்கே திரும்ப வைக்கப்பட்டது. ரொட்டி பழசு. மூன்றையும் சாப்பிட்டேன். சரியாக இருந்தது."

ஹென்ரீக்கா பின்னாலேயே வந்து, நவம்பரிலிருந்து குத்தியிருந்த சீட்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். காபிக் கறை, டேப், ஏலக்காய், எல்லாம். எட்டு சென்டிமீட்டரைப் படித்தபோது வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பேனாவை எடுத்து, "நாளைக்குப் புதுசு. ஏழு மணிக்கே வரவும்" என்று எழுதினேன். எழுதிவிட்டு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மகளைக் கேட்டேன்.

"எப்ப இங்கேருந்து கிளம்பறோம்?"

"நாளன்னிக்கு பஸ்ஸு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எனக்கு ஒரு டிக்கெட்தான் எடுக்கப் போறேன்."