கையால் கழற்றும் ஸ்க்ரூ

திங்கள்

யேசுதாஸ் அண்ணன் இன்று ஒரு நீண்ட வெள்ளைப் பலகையைத் தலையில் சுமந்து, நொண்டிக்கொண்டே எங்கள் இரும்புச் சாமான் கடைக்கு வந்தார். முதலாளி சௌக்கத் அலி பாய் கல்லாவிலிருந்தே கேட்டார்:

"இன்னா யேசு, இஸ்திரி மேசைக்குக் கால் போடணுமா?"

"கிண்டல் பண்ணாத பாய். ஆஸ்திரேலியாக்காரன் அலை மேல வுளையாடற பலகை இது. கோதுமைக் கப்பல்ல வந்த ஆளு குடுத்தான். செட்டையும் குடுத்தான். அத்த மாட்டற ஸ்க்ரூவைத்தான் தொலைச்சிட்டுகீறான்."

பலகையின் அடியில், வால் பக்கம், ஒரு நீளப் பள்ளம் இருந்தது. சுறாவின் முதுகில் இருப்பது போன்ற செட்டையை அதில் செருக வேண்டும். பள்ளத்துக்குள் ஒரு சின்னத் தகடு. செட்டை வழியாக அந்தத் தகட்டில் ஸ்க்ரூ இறங்கிப் பிடிக்கும். ஸ்க்ரூவைத் தளர்த்தினால் செட்டையை முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

போன வருஷம் கட்டுமரம் பாறையில் மோதியதிலிருந்து அண்ணனுக்கு வலது முட்டி மடங்குவதில்லை. மரத்தில் மண்டிபோட்டுத் துடுப்பு வலிக்க முடியாது. இந்தப் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளலாம். கரையோரம் போட்ட வலையைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் நேற்று செட்டை இல்லாமல் போனதில் பலகை அலையில் பம்பரமாகச் சுற்றி அவரைக் கவிழ்த்துவிட்டது.

"ஊட்டுக்காரி ஆலிஸ் ஒரே புடியா நிக்கறா, நைனா. திருவொத்தியூர் மில்லுல வாட்ச்மேன் வேலை கீது. அடுத்த திங்கக்கெழம பதில் சொல்லணும். அதுக்குள்ள இது ஒழுங்கா போனா கடலு. இல்லாங்காட்டி நான் கேட்டுல உக்காந்துகினு லாரிக்கு சலாம் போடணும்."

வேலையை என்னிடம் கொடுத்தார் பாய். மாலை வகுப்பில் எந்திர வரைபடம் படிக்கிறேன் என்பதற்காக எல்லாரும் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள்.

செவ்வாய்

இரும்பு, பித்தளை, எவர்சில்வர், மூன்றையும் நேற்று ராத்திரியே உப்புத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தேன். இரும்பு காலையிலேயே சிவந்துவிட்டது. கப்பல் உடைசல் சாமான் பெட்டியில் கிடந்த எவர்சில்வர் ஸ்க்ரூவைத் தேர்ந்தெடுத்தேன். அலையில் கழன்றுவிடாதபடி மரையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி நசுக்கிவிட்டு, திருப்புளியால் முடிந்த மட்டும் முறுக்கினேன். இனி எமன் வந்தாலும் கழற்ற முடியாது என்று அண்ணனிடம் சொன்னேன். இப்படிப் பேசுவது எனக்கு வழக்கமில்லை.

வியாழன்

நேற்று பலகை நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்றாம். இன்று காலை அண்ணனும் ஆலிஸ் அக்காவும் பலகையோடு கடை வாசலில் நின்றார்கள். செட்டையின் அடி உடைந்து பிளந்திருந்தது. ஸ்க்ரூவின் தலை சிதைந்திருந்தது. தகட்டைக் காணோம்.

"பாறையில பட்டுச்சாண்ணே?"

"இல்ல நைனா. நான்தான் கழட்டனேன். குறடு வெச்சி."

"ஏன் கழட்டினீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இன்னாய்யா இப்டி கேக்கற? கடல்லேர்ந்து வந்தா கட்டுமரத்துக் கட்ட அவுக்க வேணாமா? கட்டோட வுட்டா மரம் தண்ணி குடிச்சிக்கினு கனத்துப்பூடும். தனித்தனியா காயணும்."

"இது மரமில்லையே அண்ணே. தண்ணி ஏறாது."

"தெரியுது. கை கேக்கலியே."

"ராத்திரி பூரா பொரண்டுகினு கீறாரு தம்பி," என்றார் அக்கா. "கட்டு அவுக்கலன்னா தூக்கம் வராது இந்த மனுசனுக்கு. நீ இன்னாடான்னா ஆணி அடிச்ச மாதிரி அடிச்சி வெச்சிகீற!"

பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்க்ரூ எதில் செய்தது, எவ்வளவு இறுக்கம் என்று பார்த்தேனே தவிர, அதைத் தினமும் யார் தொடப்போகிறார்கள் என்று கேட்கவே இல்லை.

வெள்ளி

செட்டையின் பிளவைப் பசை போட்டு ஒட்டி, காய வைத்தேன். முதலில் இரண்டு காது உள்ள விங் நட்டு மாதிரித் தலை வைக்கலாம் என்று எடுத்தேன். அந்த நேரம் மீன் கூடையோடு கடைப்பக்கம் வந்த ஆலிஸ் அக்கா பார்த்துவிட்டார்.

"அய்ய, இந்தக் காதுல வலை மாட்டிக்கினா? இவரையும் சேத்துல்ல இழுத்துக்கும்!"

அதை வைத்துவிட்டு, பெட்ரோமாக்ஸ் விளக்குச் சாமான்களில் தேடினேன். வட்டத் தலையும் சொரசொரப்பான விளிம்பும் உள்ள ஒரு பித்தளை ஸ்க்ரூ கிடைத்தது. ஈரக் கையிலும் வழுக்காது, வலையிலும் சிக்காது. தகட்டையும் பித்தளையிலேயே வெட்டி மரை போட்டேன். சைக்கிள் ட்யூபில் ஒரு வாசர் நறுக்கினேன். ஸ்க்ரூவின் தலையிலும் தகட்டின் ஓரத்திலும் துளையிட்டு, நைலான் நரம்பால் இரண்டையும் செட்டையோடு கட்டினேன். இனி மணலில் விழுந்தாலும் தொலையாது.

ஆனால் கை இறுக்கம் அலைக்குத் தாங்குமா? அது தெரியாது. வகுப்பில் கேட்க நினைத்து, கேட்காமலே வந்துவிட்டேன்.

ஞாயிறு

பூசை முடிந்ததும் காசிமேட்டுக் கரைக்குப் போனோம். அண்ணன் செட்டையைப் பள்ளத்தின் கடைசிக்குத் தள்ளி, விரலால் திருகி, பலகையைத் தண்ணீரில் விட்டார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பலகை அலையைக் கிழித்து நேராகப் போனது. ஆனால் வலைக்குப் பக்கத்தில் திரும்பவே இல்லை. அவர் கையைப் போட்டு அடித்தும் மிதவையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒருவழியாகச் சுற்றிக் கரைக்கு வந்தார்.

செட்டையை நகர்த்த வேண்டும் என்று, பழக்கத்தில், கடையிலிருந்து திருப்புளி எடுத்துவர ஓட இருந்தேன்.

"எங்க ஓடற?" என்றார் அண்ணன். மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, விரலால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, செட்டையைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, மறுபடி திருகினார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மீண்டும் போனார். இந்தத் தடவை அலையையும் தாண்டினார், வலையோரமாகவும் திரும்பினார். வலையைத் தூக்கி உதறுவது கரையிலிருந்தே தெரிந்தது.

பை நிறைய காரப்பொடி மீனோடு வந்தார். ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தேன், தளரவில்லை. தொட்டுப் பார்த்தேன், தளரவில்லை. செட்டை நரம்பில் தொங்கி ஆடியது. பலகை ஒரு பக்கம், செட்டை ஒரு பக்கம் காய்ந்தன.

"இப்ப தூக்கம் வருமா?" என்றார் அக்கா.

"மீனை ஆய்ஞ்சி கொழம்பு வெய்யி. வருதா பாக்கலாம்."

அக்கா பையை வாங்கிக்கொண்டார். "நாளிக்கி அந்த மில்லுக்காரன் வந்தா நீ வாயத் தொறக்காத. வேணான்னு நானே சொல்லிக்கிறேன்."

ட்யூப் வாசர் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். நாளை இன்னும் கொஞ்சம் நறுக்கிக் கொடுக்க வேண்டும்.