அடைப்புக்குறிக்குள் ஓர் ஊர்

1

2009 ஆகஸ்டில், பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், [ஊர்ப்பெயர்] என்ற இடத்தில், ஒரு பண்ணையின் கறவை மாடுகளுக்கு மடிக்காம்பில் கொப்புளம் கண்டது. பால் கறந்தவனின் கைகளிலும் கண்டது.

அடைப்புக்குறி அச்சுப்பிழை அல்ல. இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே அந்தப் பெயரால்தான். மாநிலத் தலைநகர் பெலோ ஒரிசோன்ட்டியின் பெரிய சந்தையில், என் நெடுநாள் சிநேகிதி இயோலாண்டா ரெசெண்டே ஒரு சீஸ் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் மேலிருந்த ஊர்ப்பெயரைக் காட்டினார். "இதை ஒரு வைரஸுக்கு வைக்கப் பாத்தேன்," என்றார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்த இயோலாண்டா, மூச்சை அடக்கிக்கொண்டு—'

நிறுத்திவிட்டேன். அவர் மூச்சை அடக்குகிறவர் அல்ல. ஆய்வகத்தில் பாட்டை முணுமுணுத்தபடி வேலை செய்கிறவர்.

இருபது வருடங்களாக அம்மை வகை வைரஸ்களே அவர் வேலை. பெரியம்மை உலகத்தை விட்டுப் போய்விட்டது. அதைத் துரத்திய தடுப்பூசியில் இருந்ததும் உயிருள்ள ஒரு வைரஸ்தான்; அதன் உறவுக்கார வைரஸ்கள் இங்கே மாட்டுத் தொழுவங்களில் திரிகின்றன. ஊசியிலிருந்து தப்பி வந்தவையா, முன்பே காட்டில் இருந்தவையா என்பதுதான் அவருடைய வாழ்நாள் கேள்வி. மற்றவர்கள் கண்டெடுத்ததை வைத்தே அதைக் கேட்டுவந்தார். (புதிதாக ஒன்றைப் பிரித்தெடுத்தவர், அது கிடைத்த ஊரின் பெயரை அதற்கு வைப்பது இந்தத் துறையின் வழக்கம். ஊரைக் கேட்பது வழக்கமில்லை.)

[ஊர்ப்பெயர்] வைரஸ்தான் அவரே கண்டெடுத்த முதல் வைரஸ்.

3

பரிசோதனை முடிவைச் சொல்ல அவரே பண்ணைக்குப் போனார். பண்ணைக்காரி ஜுல்மீரா காப்பி ஊற்றினார். மகன் அடாவுட்டோ, கட்டுப் போட்ட கைகளை மேசைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"அம்மாவும்தான் கறந்தாங்க. எனக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

"உங்கம்மா கையில அம்மை குத்தின தழும்பு இருக்கு. அந்த ஊசி இதையும் தடுக்கும். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே குத்தறத நிறுத்திட்டாங்க."

"மூக்கு என்னுது, கோவம் என்னுது," என்றார் ஜுல்மீரா. "தழும்பு மட்டும் வாங்கிக்கல பாரு."

மாடுகள் தேறும்வரை சீஸ் விற்பனை இல்லை என்று கால்நடைத் துறை ஏற்கெனவே சொல்லியிருந்தது. அதற்கு ஜுல்மீரா தகராறு செய்யவில்லை.

"சரி, இந்த வைரஸுக்குப் பேரு என்ன?"

"இந்த ஊர்ப் பேருதான்."

ஜுல்மீரா காப்பிக் கூஜாவைக் கீழே வைத்தார்.

"என் சீஸுக்கும் அதுதான் பேரு, டாக்டரம்மா."

"தெரியும். ஆனா, இதெல்லாம் விஞ்ஞானிங்க மட்டும்தான் படிப்பாங்க."

"விஞ்ஞானிங்க சீஸ் திங்கறதில்லையா? பழைய இருப்புலேருந்து நீங்களே மூணாவது துண்டு எடுத்துட்டீங்க."

அடாவுட்டோ சிரித்தான். இயோலாண்டா மூன்றாவது துண்டைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"மாடு தேறிடும். பையன் கை ஆறிடும். பேரு ஆறுமா? ஏன், உங்க ஊருக்குப் பேரில்லையா? அதை வையுங்களேன்."

"அங்க கிடைக்கலையே. பொய்யாயிடும்."

"கிடைச்ச இடத்துப் பேரு வேணாம்னுதான் சொல்றேன். பொய் சொல்லச் சொல்லல."

திரும்பும் வழியெல்லாம் இயோலாண்டாவுக்கு அதுவே ஓடியது. பெயரில்லாமல் வெறும் எண்ணோடு இருக்கிற வைரஸை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, கண்டெடுத்தவரையும்.

4

கைவிட்ட முடிவுகள்.

'இயோலாண்டாவின் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் கண்டது. அதிலிருந்து எடுத்த வைரஸுக்குத் தன் சொந்த ஊரின் பெயரை—' மிக அழகாகப் பொருந்துகிறது, ஆகவே அடித்துவிட்டேன். அவர் கையுறையைச் சந்தேகிப்பது அவமரியாதையும்கூட.

இன்னொன்றில் அவர் ஊர்ப்பெயரையே வைக்கிறார். அந்தச் சீஸைக் கடைகள் வாங்க மறுக்கின்றன, ஜுல்மீரா மாடுகளை விற்கிறார். நம்பும்படியாகத்தான் இருந்தது. நோய் எங்கே இருக்கிறது என்று உரக்கச் சொல்லும் கடமை விஞ்ஞானிக்கு உண்டு என்ற நியாயமும் அதில் இருந்தது. அந்த நியாயத்துக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. வாசகர் இங்கே நின்று, அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரைப் போடுவதா வேண்டாமா என்று தானே முடிவு செய்துகொள்ளலாம். கீழே இருப்பது நடந்தது மட்டும்.

5

2011இல் கட்டுரை வெளியானது. வைரஸுக்குப் பெயர் இல்லை, ஓர் எண் மட்டும். பண்ணையின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் உள்ளே இருந்தன. இயோலாண்டா ஜுல்மீராவிடம் தொலைபேசியில் அதையும் மறைக்காமல் சொன்னார்.

"அத வச்சு எங்களக் கண்டுபிடிக்கலாமா?"

"தேடினா முடியும்."

"தேடறவங்க வரட்டும். காப்பி குடுக்கறேன்," என்றார் ஜுல்மீரா.

அடுத்த வருடம் வேறொரு குழு, மலைக்கு அந்தப் பக்கம் [இன்னோர் ஊர்ப்பெயர்] என்ற இடத்தில் அதே வைரஸைப் பிரித்தெடுத்து, வழக்கப்படி பெயர் வைத்தது. இன்று பாடநூல்களில் இருப்பது அந்தப் பெயர். இயோலாண்டாவின் எண் அடிக்குறிப்பில் வருகிறது.

அந்த ஊரிலும் சீஸ் செய்கிறார்கள்.