தாணுலிங்கத்தின் பெரிய விமானம்

முத்தையாபுரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் தாணுலிங்கத்துக்கு ஒரு விமானக் கம்பெனியால் வயிறு எரிந்தது. அதுவும் நிஜக் கம்பெனி இல்லை, போனில் விளையாடுகிற கம்பெனி. வேறு எவனாவது நடத்தியிருந்தால் மனுஷன் விட்டுத் தொலைத்திருப்பான். நடத்தியது அவன் பெண்டாட்டி முத்துக்கனி.

அவள் தன் பேன்சி கடையில் ஆள் வராத நேரத்தில் ‘கனி ஏர்வேஸ்’ நடத்தினாள். முதலில் சின்ன விமானமாக வாங்கி, தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு மட்டும் விட்டாள். அது நிறைந்து போக ஆரம்பித்த பிறகுதான் அடுத்ததை வாங்கினாள். இப்போது அந்த விளையாட்டில் நம்ம வட்டாரத்துக்கே அவள்தான் முதலிடம்.

இதைத் தினமும் வந்து ஓத ஆபீசிலேயே ஓர் ஆள் இருந்தான், கணக்கு எழுதுகிற விஜயராஜ். அவனும் விளையாடுகிறவன்.

“மதினிட்டதான் கேட்டேன் அண்ணாச்சி. எடுத்த எடுப்புலயே பெருசா வாங்காத, கடன் பக்கம் தலைவச்சுப் படுக்காத, எல்லாம் ஒரே ரகமா வச்சுக்கோ, ரிப்பேர் செலவு கொறையும்னாவ. அப்படியே செஞ்சேன், நிமிந்துட்டேன். மதினி மூளை மூளைதான்.”

தாணுலிங்கம் சிரித்து வைத்தான். உள்ளே புகைந்தது. துறைமுகத்து லோடை ஊர் ஊராக அனுப்புகிறவன் நான், போக்குவரத்தில் என்னை விட்டுவிட்டு வளையல் விற்கிறவளிடம் போய் யோசனை கேட்கிறானே இந்தப் பய. பொறாமைதான், வேறு பேர் கிடையாது. அன்றைக்கே திருட்டுத்தனமாக அந்த விளையாட்டைப் போனில் ஏற்றிக்கொண்டான். கம்பெனிக்கு ‘சதர்ன் ஸ்டார்’ என்று பேர் வைத்தான். யார் நடத்துகிறார்கள் என்று அதில் தெரியாது.

சின்ன விமானமெல்லாம் அவன் கௌரவத்துக்கு ஆகுமா? இருந்ததிலேயே பெரிதாக ஒன்றைக் கடனில் வாங்கி, அவள் ஓட்டும் அதே சென்னைப் பாதையில் விட்டான். பாதி சீட்டு காலி. கடன் கழுத்தைப் பிடித்தது. அப்போதுதான் தொழில் புத்தி வேலை செய்தது. லாரிக்காரன் திரும்பும்போது வண்டியைக் காலியாக விடமாட்டான், கிடைத்த வாடகைக்கு எதையாவது ஏற்றிக்கொண்டு வருவான். எப்படியும் டீசல் எரியத்தானே போகிறது. அதே கணக்கில், போவதற்கு ஊரோடு ஒத்த ரேட்டும் வருவதற்குப் பாதி ரேட்டும் போட்டான்.

சென்னையிலிருந்து வருகிற கூட்டமெல்லாம் இவன் பக்கம் சாய்ந்தது. கனி ஏர்வேஸ் போகும்போது நிறைந்து போய், வரும்போது வெறும் சீட்டோடு வந்தது. முதலிடம் போனது. பிறகு ஒவ்வொரு விமானமாக விற்றாள். கடையில் போனைத் தொடுவதையே விட்டுவிட்டாள். தாணுலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கடன் இன்னும் கழுத்தில்தான் இருந்தது, அது அவனுக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு மக்ரூன் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏளா, என்ன ஒன் ஏர்வேஸ் பேச்சே காணும்?”

“மூடிட்டேன்,” என்றாள் முத்துக்கனி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

“எவனும் போட்டிக்கு வந்துட்டானோ?”

“வந்தாவ. போறதுக்கு ஒரு ரேட்டு, வாரதுக்குப் பாதி ரேட்டு. ஏரோப்பிளேன்ல ரிட்டர்ன் லோடு பாக்குத ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான் இருக்காவ.”

தாணுலிங்கம் கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

“எப்பத் தெரியும்?”

“பாதி ரேட்டு போட்ட அன்னைக்கே தெரியும். நானும் வார ரேட்டக் கொறைச்சிருந்தா, கடன்ல வாங்கின ஒங்க பெரிய பிளேனு ஒரு வாரம் தாங்கிருக்காது.”

“பெறகு ஏன் கொறைக்கல?”

முத்துக்கனி கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே வைத்தாள். “நான் தோத்தா அந்த ஆட்டத்தோட போச்சு. நீங்க தோத்தா அதத் தூக்கிட்டு வீட்டுக்குல்லா வருவிய. இத்தன வருசமா அத நாந்தானே பாக்கேன்.”

தன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அவனுக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை.