ஒரு கால் ஏத்து

திரை கறுத்த பிறகும் அக்சா நாற்காலியை விட்டு எழவில்லை. பொத்தானை மறுபடி அழுத்தினாள். உள்ளே விசிறி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. சூடேறிய தூசியின் வாடை மட்டும் அறையில் நின்றது.

ராஜபாளையத்தில் ஒரு கட்டட அலுவலகத்தில் பிளான் வரைந்துகொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டு வீட்டிலிருந்தே தொழில் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. இன்னும் கட்டாத வீட்டுக்குள் நடந்து போவதுபோல வீடியோ செய்து கொடுப்பாள். கணினி அதை ஒவ்வொரு படமாக வரைந்து முடிக்க நெடுநேரம் பிடிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு கட்டப்போகும் சமுத்திரம் அண்ணாச்சி, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகன் மறுநாள் கிளம்புவதற்குள் வீடியோ வேண்டும் என்றிருந்தார். அதற்காகத்தான் பிராசசரின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தாள். அது கருகியிருந்தால் வீடியோ இல்லை, தொழிலும் இல்லை. அவளிடம் வேறு கணினி கிடையாது.

வழி சொன்னது அண்ணன் ஜெபக்குமார்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். வேகத்தை ஒரு படி ஏற்று, கொஞ்ச நேரம் சோதனை ஓட்டு, சூடு எண்பத்தைந்து டிகிரியைத் தாண்டவிடாதே, நீலத் திரை வந்து நின்றால் வோல்டேஜை ஒரு கால் ஏற்று என்று போனில் சொல்லியிருந்தான். அவன் சொன்னபடியேதான் செய்தாள். நீலத் திரை வந்தது. ஒரு கால் ஏற்றினாள். சோதனை தொடங்கியதும் சூடு நூறுக்குத் தாவியது, எல்லாம் அணைந்தது.

அவனை அழைத்தாள்.

"அண்ணே, செத்துப்போச்சுண்ணே."

பேச்சில்லை. சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். அந்த மௌனத்தில் எது கோபம், எது யோசனை என்று அவளால் ஒருநாளும் பிரிக்க முடிந்ததில்லை.

"கரிஞ்ச வாடை அடிக்கா?"

"தூசி வாடைதான். எனக்கென்ன தெரியும்?"

"சும்மா சும்மா பட்டன அமுக்காத. வயரப் புடுங்கிட்டுத் தூக்கிட்டு வா."

போர்வையில் சுற்றிய சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னக்கா இது, ஆளா சாமானா? ஆளுன்னா முழு டிக்கெட்டு."

"ஏலே, அந்தப் புள்ளையே மூஞ்சி செத்துப்போய் உக்காந்திருக்கு. நீ அங்கிட்டுப் போ" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

அக்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய அலுவலகத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போனால் சேர்த்துக்கொள்வார்கள். அதே மேசை, அதே நாற்காலி. யாரும் ஒரு வார்த்தை குத்திப் பேசமாட்டார்கள். அவ்வளவு சுலபமாகத் திரும்பிவிடலாம் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு வேலையைத் தானே தொடங்கித் தானே முடிக்கும்போது வீட்டில் ஓர் அமைதி வரும். அது அவளுக்குப் பழகிவிட்டது.

ஜெபக்குமார் ஒன்றும் கேட்காமல் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். விசிறியை விரலால் சுற்றிவிட்டான். குனிந்து மோந்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா எம்புட்டு வோல்டேஜு வச்ச?"

"நீ சொன்னதுதான். ஒன்னு புள்ளி ரெண்டுல இருந்துச்சு, ஒரு கால் ஏத்துனேன். ஒன்னு புள்ளி நாலு அஞ்சு."

அவன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது.

"ஏட்டி, நாலு அஞ்சா?"

"ரெண்டஞ்சு கூட்டுனா வேற எம்புட்டு வரும்? கால்னா புள்ளி ரெண்டஞ்சுதான?"

அவன் அதைக் கீழே வைத்தான். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டான்.

"இங்க நாங்க ரெண்டு, ரெண்டேகால், ரெண்டரைன்னு சொல்லுவோம். ஒன்னு புள்ளி ரெண்டேகால். ரெண்டுக்குப் பின்னால ரெண்டஞ்சு போடணும், ஒன்னு புள்ளி ரெண்டு ரெண்டு அஞ்சு, அம்புட்டுதான்."

ஏற்ற வேண்டியதைப்போலப் பத்து மடங்கு ஏற்றியிருந்தாள்.

"எனக்குக் கால்னா கால் அடி, மூணு இஞ்ச். பிளான் போடுறவகிட்ட வந்து ரெண்டேகால்ங்குதியே!"

"தப்பு என் மேலதான். நம்பரா சொல்லிருக்கணும்" என்றான். அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

போர்டிலிருந்து பொத்தான் அளவு பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்தான். அது இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தால், ஏற்றிவைத்த எண்களை போர்டு மறந்துவிடும்.

"சூடு தாங்கலன்னா பிராசசர் தானா அணைஞ்சுக்கிடும். நேரத்துக்கு அணைஞ்சிருந்தா பொழைக்கும்."

"இல்லன்னா?"

தெருவில் ஒரு லோடு ஆட்டோ போய் ஓய்ந்தது. இருவரும் அந்தச் சின்ன வட்டப் பேட்டரியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பேட்டரியைப் பொருத்திப் பொத்தானை அழுத்தினான். விசிறி சுற்றி நின்றது. தானாக மறுபடி சுற்றியது. அக்சா கண்ணை மூடிக்கொண்டாள்.

"உசுரு இருக்கு" என்றான்.

திரையில் பிராசசரின் பெயரும் அதன் பழைய வேகமும் தெரிந்தன. அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"எதுக்கும் சோதனை ஓட்டிருவோம். இந்தா, நீயே ஏத்து."

"நானா? வேண்டாம்ணே."

"நீதான். ஆனா நீலம் வந்த வேகம் வேண்டாம், ஒரு படி கீழயே நில்லு. வோல்டேஜத் தொடாத. வேகம் கொஞ்சம் கொறைஞ்சாலும் ராத்திரி தூக்கம் வரும்."

எண்ணை மாற்றினாள். சேமிப்பதற்கு முன் சத்தமாக வாசித்துக் காட்டினாள். அவன் தலையாட்டினான். சோதனை ஓடத் தொடங்கியதும் சூடு எழுபதைத் தாண்டியது. எழுபத்தாறு வரை போனது. அங்கேயே நின்றது. எதிர்க் கடையிலிருந்து டீ வந்தது. குடித்து முடித்தார்கள். எழுபத்தாறுதான். இருவரும் பேசவில்லை. இந்த முறை அந்த மௌனத்தில் அவள் எதையும் தேடவில்லை.

சோதனை முடிந்ததும் ஜெபக்குமார் மேசையில் கிடந்த பழைய பிரிண்டரைத் தூக்கித் தரையில் வைத்தான்.

"இங்கயே ஓட்டு. மறுபடி பஸ்ஸுல எதுக்கு அலையுத?"

வீடியோ ஓடத் தொடங்கியது. முதல் படத்தில் வாசல் கதவு வந்தது. அக்சா போனை எடுத்தாள்.

"அண்ணாச்சி, நான் உங்க ஊருலதான் இருக்கேன். சாயங்காலம் ஊருக்குக் கெளம்புற தம்பியக் கூட்டிட்டு எங்க அண்ணன் கடைக்கு வந்துருங்க. வீடு ரெடியாயிரும்."